ரிவெட் ஒரு பக்கமாகச் சாய்ந்து மடங்குகிறது, உதவி தேவை (கிட் விமானம், சுங்கை சிப்புட்)

தோட்டத்துப் பறவை:
அனைவருக்கும் வணக்கம். வீட்டுக் காடிக் கொட்டகையில் கிட் விமானம் (பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டுவது) கட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். பயிற்சித் தகட்டில் ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் உலோக ஆணி) அடிக்கும்போது, அடி வாங்கித் தட்டையாக வேண்டிய பின்பக்கத் தலை நேராகப் பரவாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து மடங்கிவிடுகிறது. சில இடங்களில் ரிவெட்டோடே வரும் முன்தலையின் ஓரத்தில் பிறை வடிவத் தழும்பும் விழுகிறது. வால்பகுதிப் பெட்டி கிள்ளான் துறைமுகத்துக்கு வந்துவிட்டது, அடுத்த வாரம் வீட்டுக்கு வரும். அதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும். காரணம் தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ஈப்போ மலர்:
தம்பி, எந்தக் கிட் என்றே நீங்கள் சொல்லவில்லை. ஆர்வி-12 போன்றவற்றில் பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்தே இழுத்துப் பூட்டும் ரிவெட்டுதான் வரும். ஆர்வி-7 போன்றவற்றில் திட ரிவெட்டைக் காற்றழுத்தத்தில் இயங்கும் ரிவெட் துப்பாக்கியால் அடித்து, பின்னால் எஃகுக் கட்டையால் தாங்க வேண்டும். உங்களுடையது இரண்டாவது வகை என்று ஊகிக்கிறேன். ரிவெட்டின் எண், தகட்டின் கனம், துளையின் அளவு, காற்றழுத்தம் ஆகியவற்றை எழுதுங்கள். இவை இல்லாமல் யார் என்ன சொன்னாலும் அது குறி சொல்வதாகத்தான் இருக்கும்.

லூமுட் காற்று:
எனக்குத் துப்பாக்கிக்குக் காற்று தரும் கம்ப்ரசர் மீதுதான் சந்தேகம். நம் ஊர் ஈரப்பதத்தில் தொட்டியின் அடியில் நீர் தேங்கும். தினமும் அடைப்பைத் திறந்து அதை வடிக்காவிட்டால் துப்பாக்கிக்குள் நீர் போய், அடி சீராக விழாது. முதலில் அதைப் பாருங்கள்.

செம்பனை நிழல்:
ரிவெட் பழையதாக இருந்தால் இறுகிப்போயிருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தொழிற்சாலைகளில் ரிவெட்டுகளைக் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்துத்தான் அடித்தார்கள் என்று படித்திருக்கிறேன். நீங்களும் ஓரிரவு உறைபெட்டியில் வைத்துப் பாருங்களேன்.

பழைய ஃபிட்டர்:
உறைபெட்டியில் மீன் வைக்கலாம், ஏடி என்னும் வழக்கமான அலுமினியக் கலவை ரிவெட்டை வைப்பதால் எந்தப் பயனும் இல்லை. குளிரில் காக்க வேண்டியவை டி, டிடி என்று குறிக்கப்படும் கடின உலோகக் கலவை ரிவெட்டுகள். அவற்றைச் சூடேற்றிப் பதப்படுத்திய பிறகு, மீண்டும் இறுகிவிடாமல் இருப்பதற்காக அப்படிச் செய்வார்கள். ஏடி வகையை வாங்கியபடியே அடிக்கலாம். அதன் தலையின் நடுவில் ஒரு சிறு குழி இருக்கும். குழி இல்லாமல் வழவழப்பாக இருந்தால் அது மென்மையான ரிவெட், விமானத்தின் பாரம் தாங்கும் இடங்களுக்கு ஆகாது. சுபாங்கில் விமானத் தகட்டு வேலையிலேயே முடி நரைத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், தம்பி. இக்கேள்வி இங்கே திரும்பத் திரும்ப வருகிறது, கேட்பவர் ஒருவரும் கையேட்டைத் திறந்ததாகத் தெரியவில்லை. அமெரிக்க விமானத் துறையின் ஏசி 43.13-1பி என்னும் கையேடு இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் படித்துவிட்டுத் துப்பாக்கியைத் தொடுங்கள்.

தோட்டத்துப் பறவை:
ஐயா, கையேடு இருக்கிறது, படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மலர் அக்கா, ரிவெட் 1/8 அங்குலம், திட வகை, தலையில் குழியும் இருக்கிறது. துளை சரியான அளவுதான், புது டிரில் போட்டேன். படம் இணைத்துள்ளேன்.

ஈப்போ மலர்:
1/8 என்பது விட்டம் மட்டும்தான். நீளம் என்ன? "சரியான அளவு" என்றால் எத்தனை மில்லிமீட்டர்?

லூமுட் காற்று:
படத்தைப் பார்த்தேன். தகடு பளபளவென்று இருக்கிறது, அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சான பிரைமரே பூசவில்லை. இது பயிற்சித் தகடு, போகட்டும். ஆனால் வால்பகுதிக்கும் இப்படியே செய்யப் போகிறீர்களா? நான் கடற்கரை ஊர்க்காரன். இங்கே இரண்டு தகடுகள் ஒட்டும் இடுக்கில் உப்பு நீர் தங்கினால், வெளியே தெரியாமலே அலுமினியம் வெண்பொடியாகப் பொரிந்து வரும்.

பழைய ஃபிட்டர்:
சுங்கை சிப்புட்டில் கடல் எங்கே இருக்கிறது? அத்தகடு அல்கிளாட். உறுதியான கலவையின் இருபுறமும் தூய அலுமினியப் படலம் உண்டு. கீறல் விழுந்தாலும் அப்படலம் முதலில் அரிபட்டு உள்ளிருப்பதைக் காக்கும். உள்பக்கம் முழுவதும் பிரைமர் பூசுவது எடையைக் கூட்டுவதுதான்.

லூமுட் காற்று:
விமானம் சுங்கை சிப்புட்டிலேயே நிற்கப் போவதில்லையே, ஐயா. தகட்டுக்குப் படலம் உண்டு, சரி. உள்ளே வரும் கோணத் துண்டுகளுக்கும் எஃகு போல்ட் தொடும் இடங்களுக்கும் என்ன இருக்கிறது? எப்பாக்சி பிரைமரை மெல்லியதாகப் பூசினால் விமானம் தரையை விட்டு எழாமலா போய்விடும்?

பழைய ஃபிட்டர்:
நான் தகட்டைப் பற்றிப் பேசுகிறேன், நீங்கள் போல்ட்டுக்குத் தாவுகிறீர்கள். பிரைமர் பூசாமலே பல்லாண்டு பறந்த விமானங்களை நான் கையால் பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

ஈப்போ மலர்:
இது உலகெங்கும் வீட்டில் விமானம் கட்டுவோரிடையே தீராத வழக்கு, இன்று இரவும் தீராது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் வரும் சிங்க் குரோமேட்டைக் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு தெளிக்காதீர்கள், அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. தம்பி, நீளம்?

தோட்டத்துப் பறவை:
பொட்டலத்தில் ஏடி4-6 என்று எழுதியிருக்கிறது. தகடு 0.032 அங்குலம், இரண்டு அடுக்கு. டிரில் இங்குள்ள இரும்புக்கடையில் வாங்கிய 3.5 மில்லிமீட்டர்.

ஈப்போ மலர்:
விடை கிடைத்துவிட்டது. அந்த எண்ணில் 4 என்பது அங்குலத்தின் 32-இல் நான்கு பங்கு, அதாவது விட்டம்; 6 என்பது 16-இல் ஆறு பங்கு, அதாவது நீளம். உங்கள் ரிவெட் ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர் நீளம். இரண்டு தகடும் சேர்ந்து 1.6 மில்லிமீட்டர்தான். தகட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டியது விட்டத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது 4.8 மில்லிமீட்டர், உங்களுடையது கிட்டத்தட்ட 8 நீட்டுகிறது. அவ்வளவு நீண்ட தண்டு அடி வாங்கியதும் பரவாது, மடங்கத்தான் செய்யும். உங்களுக்கு வேண்டியது ஏடி4-4.

துளையும் பெரிது. அந்த ரிவெட்டுக்குரிய 30-ஆம் எண் டிரில் 3.26 மில்லிமீட்டர், அது கிடைக்காவிட்டால் பயிற்சிக்கு 3.3 போதும். 3.5 துளையில் தண்டு தளர்வாக நின்று, துளைக்குள்ளேயே சாய்ந்துவிடும். பழைய துளைகளை விட்டுவிட்டுப் புதுத் துண்டில் தொடங்குங்கள். துளையிட்டதும் இருபுறமும் பிசிறு நீக்குங்கள். நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டக்கூடாது. பிறகு கிளெக்கோக்களை (துளைகளில் செருகித் தகடுகளைத் தற்காலிகமாகப் பிடிக்கும் கவ்விகள்) நெருக்கமாகப் போட்டுத் தகடுகளை இறுக்குங்கள். அடித்து முடித்த தலை 4.8 மில்லிமீட்டர் அகலமும் 1.6 உயரமும் இருக்க வேண்டும். கண்ணளவு போதாது, வெர்னியர் அளவுகோல் வைத்துப் பாருங்கள்.

பழைய ஃபிட்டர்:
அம்மையார் சொன்ன கணக்கு சரி. பிறைத் தழும்புக்குக் காரணம் வேறு: துப்பாக்கி முனை செங்குத்தாக நிற்காமல் நழுவுகிறது, அல்லது முனையின் குழிவு அந்தத் தலைக்குப் பொருந்தாத அளவு. ஒழுங்காக அழுத்திப் பிடித்துக்கொண்ட பிறகுதான் விசையைத் தொட வேண்டும். காற்றழுத்தத்தை 40 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு) அளவில் தொடங்குங்கள், அதையும் துப்பாக்கி ஓடும்போது பார்த்து வையுங்கள். தவறிப்போன ரிவெட்டை எடுக்கும்போது தலையின் நடுக்குழியில் சிறிய டிரிலை வைத்துத் தலையளவுக்கு மட்டும் துளைத்து, தலையை நெம்பி உடைத்துவிட்டுத் தண்டைத் தட்டி எடுங்கள். அவசரப்பட்டால் துளை நீள்வட்டமாகிவிடும், அப்புறம் அடுத்த பெரிய அளவான 5/32 அங்குல ரிவெட்டுக்குப் போக வேண்டியதுதான்.

செம்பனை நிழல்:
அப்படியானால் உறைபெட்டி வேண்டாமா?

ஈப்போ மலர்:
வேண்டாம், அண்ணே. தம்பி, வால்பெட்டி வருவதற்குள் இன்னொன்றும் செய்யுங்கள். கட்டுபவரே பெரும்பகுதி வேலையைச் செய்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி, "51 விழுக்காடு" என்று பலரும் சொல்வது அதைத்தான். நம் நாட்டில் 9எம் என்று தொடங்கும் மலேசிய விமானப் பதிவெண் பெறுவது பற்றிப் புத்ராஜெயாவில் உள்ள மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்முக்கு எழுதி, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலையையும் தேதியிட்டுப் படமெடுத்து வையுங்கள்.

தோட்டத்துப் பறவை:
ஏடி4-4 கிடைத்தது. 3.3 துளையில் தலை நேராக வந்துவிட்டது, வெர்னியரிலும் சரியாக இருக்கிறது. அனைவருக்கும் நன்றி.

ஈப்போ மலர்:
மகிழ்ச்சி. பிறைத் தழும்பு நின்றதா? சிஏஏஎம்முக்கு எழுதினீர்களா?

லூமுட் காற்று:
பிரைமர் பூசுகிறீர்களா இல்லையா, அதையும் சொல்லிவிடுங்கள்.