எல்லைக்கோடு எங்கள் தெரு வழியாகப் போனபோது

எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போவது என்ற எல்லைகளை மாற்றி வரைந்தபோது, எங்கள் ஊர்ப் பொதுப்பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி வாரியத்தின் முன்னால் நான் பேசிய மூன்று நிமிடங்களில் ஒரு பொய்கூட இல்லை. ஆனாலும் அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

அமெரிக்கப் புறநகர் ஒன்றில் வீடு தேடிய காலத்தில், ஏஜென்ட் கதவைத் திறப்பதற்கு முன்பே தொடக்கப் பள்ளி எது, நடுநிலைப் பள்ளி எது, உயர்நிலைப் பள்ளி எது என்று ஒப்பித்துவிட்டார். எங்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. இங்கே பொதுப்பள்ளியில் பெரும்பாலும் முகவரிதான் பிள்ளையின் பள்ளியை முடிவு செய்கிறது. பட்ஜெட்டைத் தாண்டித்தான் வாங்கினோம்.

6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கான பழைய பள்ளி பிதுங்கி வழிந்தது. விளையாட்டுத் திடலில் டிரெய்லர் வகுப்பறைகள் வரிசை கட்டி நின்றன. புதிய பள்ளிக்குக் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று வாக்கெடுப்பு வந்தபோது எங்கள் தெருவில் எல்லோரும் ஆதரித்தோம். ஒரு முணுமுணுப்புகூட இல்லை. சண்டை வரைபடத்தோடுதான் வந்தது.

மூன்று வரைபடங்கள். ஊரைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எங்கள் தெருதான் இரண்டு துண்டுகளுக்கு எல்லை. முதல் வரைபடத்தில் எதிர்ச்சாரி புதிய பள்ளிக்கு, எங்கள் சாரி பழைய பள்ளிக்கு. மூன்றாவதில் அப்படியே தலைகீழ். இரண்டாவதில் இரு சாரியும் புதிய பள்ளிக்குப் போகும், நெடுஞ்சாலைக்கு அப்பாலிருக்கும் அபார்ட்மென்ட்களோடு சேர்ந்து.

புதுக் கட்டடம், புது ஆய்வகம், பிறகு ஏன் வேண்டாம் என்றோம்? புதிய பள்ளிக்கு இன்னும் தரவரிசை எண் இல்லை. அங்கிருந்து பிள்ளைகள் போகும் உயர்நிலைப் பள்ளியும் வேறு. இவை இரண்டும் வாய்விட்டுச் சொல்லக்கூடிய காரணங்கள். மூன்றாவதை யாரும் சொல்லவில்லை. வரைபடத்தோடு வந்த அட்டவணையில், இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியுள்ள மாணவர்களின் சதவீதம் ஒரு பத்தியாக இருந்தது. குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் இலவசம், 185 சதவீதம் வரை சலுகை விலை. எல்லோருடைய விரலும் அந்தப் பத்தியில்தான் போய் நின்றது. வாட்ஸ்அப் குழுவில் மட்டும் ‘சாலைப் பாதுகாப்பு’, ‘நட்பு வட்டம் உடையக் கூடாது’ என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

என் கணவர் ஒரு நாள் பழைய ஆய்வு ஒன்றைத் தேடி எடுத்து அனுப்பினார். பாஸ்டன் புறநகர்களில் தொடக்கப் பள்ளி எல்லைக்கோட்டின் இரு பக்கமும் இருந்த வீடுகளை ஒப்பிட்டு, பொருளாதார அறிஞர் சாண்ட்ரா பிளாக் 1999-இல் வெளியிட்டது. தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் வீட்டுக்கு 2.5 சதவீதம் அதிகம் கொடுக்கப் பெற்றோர் தயார் என்பது அதன் முடிவு. குழு ஐந்து நிமிடம் மௌனமாக இருந்தது. பிறகு யாரோ எழுதினார்: “இதை வெளியே பகிர வேண்டாம்.”

நம்மவர்களிடம் எக்செல் கோப்பைக் கொடுத்தால் சும்மா இருப்பார்களா? ஒருவர் காலை ஏழு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பஸ் பாதையிலும் ஓட்டி நேரம் குறித்தார். இன்னொருவர் மாணவர் எண்ணிக்கை மதிப்பீட்டைத் துருவி, புதிதாக வந்த டவுன்ஹவுஸ்களில் பிள்ளைகள் குறைவாகக் கணக்கிடப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். அதில் நாங்கள் சொன்னது சரி. அதிகாரிகளும் திருத்தினார்கள். அந்த ஒரு வெற்றி, மற்ற எல்லாவற்றிலும் நியாயம் எங்கள் பக்கமே என்று நம்ப வைத்துவிட்டது.

எதிர்வீட்டு அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஞாயிறுதோறும் அவர் மகளும் என் மகனும் என் காரில்தான் தமிழ் வகுப்புக்குப் போவார்கள். ஒரு மாலை குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தவர், நேராகக் கேட்டார்: “நீ எந்த வரைபடத்துக்குக் கையெழுத்துப் போட்டாய்?” எங்கள் சாரியைப் பழைய பள்ளியில் வைத்திருக்கும் முதல் வரைபடத்துக்குத்தான். அவருக்கு அது ஏற்கெனவே தெரியும். “சரி” என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நான்கு ஞாயிறுகள் அவரே தன் காரை எடுத்தார்.

வாரியம் நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறச் சட்டை. எங்களுடையது ஆரஞ்சு. பேச்சாளர் மேடையில் மூன்று நிமிட நேரத்தைக் காட்டப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள். நெடுஞ்சாலையின் ஆறு தடச் சந்திப்பைப் பிள்ளைகள் கடப்பது எவ்வளவு ஆபத்து என்று பேசினேன். புகைப்படம் காட்டினேன். நல்ல கைதட்டல்.

எனக்கு அடுத்து வந்த பெண் வேலைச் சீருடையோடு இருந்தார். அவர் சட்டையின் நிறம் எந்த அணியிலும் சேரவில்லை. “என் மகனுக்கு மூன்று முறை பள்ளி மாறிவிட்டது. நாங்கள் வீடு மாறவில்லை. நீங்கள்தான் கோட்டை மாற்றினீர்கள். இந்த முறை எங்கே அனுப்பினாலும் சரி, அடுத்த முறை எங்களை விட்டுவிடுங்கள்.” பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் ஆபத்து என்று படம் காட்டிய அந்தச் சந்திப்பை அவருடைய குடியிருப்புப் பிள்ளைகள் தினமும் நடந்தே கடக்கிறார்கள் என்பது பிறகு தெரியவந்தது. பழைய பள்ளிக்கு நடை தூரத்துக்குள் இருப்பதால் அவர்களுக்கு பஸ் கிடையாது. அவர்களைப் பற்றி அதுவரை ஓர் ஆரஞ்சுச் சட்டையும் கவலைப்படவில்லை, நான் உட்பட.

இரண்டாவது வரைபடம் சிறு திருத்தங்களோடு நிறைவேறியது. எட்டாம் வகுப்புக்குப் போகிறவர்கள் பழைய பள்ளியிலேயே தொடரலாம், ஆனால் பஸ் இல்லை என்றார்கள். என் மகன் ஆறாம் வகுப்பைப் புதிய பள்ளியில் தொடங்கினான். அங்கே வயலின் வகுப்பு உண்டா என்பது மட்டும்தான் அவனுடைய கேள்வி.

* * *

மேலே இருப்பதைப் படித்த ஒரு வாசகர் நான். நீங்கள் எழுதிய நெடுஞ்சாலைக்கு அப்பாலிருக்கும் அபார்ட்மென்ட்களைப் போன்ற ஒன்றில் நாங்கள் ஏழு ஆண்டுகள் இருந்தோம். விசா நிச்சயமில்லாததால் வீடு வாங்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் ஊரில் நடந்த கூட்டத்தில் ‘அபார்ட்மென்ட் பிள்ளைகள் வந்தால் தரம் குறையும்’ என்று என் பின்வரிசையில் இருவர் பேசிக்கொண்டார்கள், தமிழில். பொங்கல் விழாவில் எங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

* * *

நான் இன்னொரு வாசகர். பள்ளி எல்லைகளைப் பற்றி ஆலோசிக்கும் எல்லைக் குழுவில் பெற்றோர் பிரதிநிதியாக ஓராண்டு இருந்தேன். அந்தச் சீருடைப் பெண்ணின் குறை தற்செயல் அல்ல. அபார்ட்மென்ட் துண்டு வரைபடத்தில் கட்டைவிரல் அளவுதான் இருக்கும், ஆனால் அதில் நூறு மாணவர்கள் இருப்பார்கள். ஒரு பள்ளி நிரம்பினால் அந்த ஒரு துண்டைத் தூக்கி வேறு பக்கம் வைத்தால் கணக்கு நேராகிவிடும். தனி வீடுகள் உள்ள பகுதியில் அதே எண்ணிக்கைக்கு நான்கைந்து துண்டுகளை நகர்த்த வேண்டும், நான்கைந்து நிறச் சட்டைகளைச் சமாளிக்க வேண்டும். எந்த அதிகாரியும் எதைத் தேர்ந்தெடுப்பார்?

கொஞ்சம் வரலாறும் சொல்கிறேன். இனவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல் சொன்னது. 1971-இல் வட கரோலினாவின் சார்லட் நகர வழக்கில், பிரிவினையை நீக்க மாணவர்களை பஸ்ஸில் வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்ப நீதிமன்றங்கள் ஆணையிடலாம் என்றது. ஆனால் 1974-இல் டெட்ராய்ட் வழக்கில், தவறு செய்ததாக நிறுவப்படாத புறநகர்ப் பள்ளி மாவட்டங்களை அந்த ஏற்பாட்டுக்குள் இழுக்க முடியாது என்று 5-4 கணக்கில் தீர்ப்பு வந்தது. 2007-இல் சியாட்டில், லூயிவில் வழக்குகளில், மாணவரின் இனத்தை வைத்து இடம் ஒதுக்கிய முறைகள் செல்லாது என்று தீர்ப்பானது. அதனால்தான் இப்போது கூட்டங்களில் இனத்துக்குப் பதிலாக, குடும்ப வருமானத்தைக் காட்டும் மதிய உணவுப் பத்தியைப் பற்றிப் பேசுகிறார்கள். 2019-இல் மேரிலாந்தின் ஹோவர்டு கவுன்டியில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை இடம் மாற்றும் திட்டம் வந்ததே, அதன் மையத்திலும் இந்தப் பத்திதான் இருந்தது.

புதிதாக இதில் மாட்டுகிறவர்களுக்கு ஒன்று. வரைபடம் வெளிவந்த பிறகு கத்துவதைவிட, எதற்கு முன்னுரிமை என்று வாரியம் முடிவு செய்யும் கூட்டத்துக்குப் போங்கள். நடை தூரமா, இடவசதியா, ஒரே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புவதா என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. நான் போன கூட்டத்தில் பதினோரு பேர்தான் இருந்தோம்.

* * *

முதலில் எழுதியவள்தான். எதிர்வீட்டு அக்காவோடு பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். ஐந்தாவது ஞாயிறு காலை அவர் கார் கிளம்பவில்லை, பேட்டரி போய்விட்டது. மகளை அழைத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்து என் கதவைத் தட்டினார். வண்டியில் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. வகுப்பு முடிந்து திரும்பும்போது, “புகைப்படம் நன்றாகத்தான் எடுத்திருந்தாய்” என்றார். அது பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டு உயர்நிலைப் பள்ளி எல்லையை ஆய்வு செய்யப் போகிறார்களாம். இந்த முறை இரண்டு வீடும் ஒரே துண்டில் இருக்கிறோம். அக்கா இப்போதே எக்செலைத் திறந்துவிட்டார்.