வீடியோ அழைப்பில் 'கைது': உங்கள் வீட்டில் நடந்ததைப் பகிருங்கள்

காவிரிக்கரை:
உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் என்று போலிக் காவலர் மிரட்டுகிற அதே மும்பை பார்சல் கதைதான், முழுவதும் எழுத வேண்டியதில்லை. மாலை நான் வீட்டுக்கு வந்தபோது விளக்கு போடவில்லை. சமையலறை மேடையில் கடுகு டப்பாவில் செல்பேசியைச் சாய்த்து வைத்திருந்தது. திரையில் காக்கிச் சட்டை. எதிரே நாற்காலியில் அம்மா. களைந்த அரிசி குக்கரில் அப்படியே ஊறிக்கிடந்தது. நான் வாய் திறப்பதற்குள், கேமராவுக்குத் தெரியாமல் மடியோடு கையை அசைத்து என்னை வெளியே போகச் சொன்னார். மகனையும் வழக்கில் சேர்ப்போம் என்று மிரட்டியிருக்கிறார்கள். பிறகு திரையைப் பார்த்து, "ஐயா, ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்ளட்டுமா?" என்றார். அவர் வீடு, அவர் பிடித்துவைத்த குடம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்து பணத்தில் பாதி திரும்பியது. அந்தக் கேள்விதான் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

ரயிலடி:
என் மாமனாருக்கு வாட்ஸ்அப்பில் 'சம்மன்' வந்தது. அதை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, நான்காக மடித்துப் பூஜை அலமாரியில் வைத்திருந்தார். "கடைப் பையன் படித்திருப்பானோ?" என்பதுதான் அவருடைய பெரிய கவலை. பிரித்துப் பார்த்தேன்: தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 66ஏ. உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே ரத்து செய்த பிரிவு! காவிரிக்கரை, அம்மாவுக்குச் சட்டம் தெரிந்திருந்தால் போதும். காவலர் உடலைத் தொட்டால்தான் கைது. திரை வழியாக யார் தொட முடியும்?

பொன்னி:
தெரிந்திருந்தால் போதுமா? நான் 22 வருடம் வங்கியில் இருந்தவள். என் ஆதாரின் கடைசி நான்கு எண்களை அந்த ஆள் நிதானமாகச் சொன்னபோது, தெரிந்ததெல்லாம் மறந்துபோனது. காவிரிக்கரையின் அம்மாவைக் குறை சொல்லாதீர்கள்.

வழக்காடி:
ரயிலடி சொன்னது பாதிதான் சரி. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-ஆம் பிரிவைப் படியுங்கள். சொல்லாலோ செயலாலோ ஒருவர் பணிந்துவிட்டால், தொட வேண்டிய தேவையே இல்லை. பெண்ணென்றால், கைது என்று வாயால் அறிவித்தாலே பணிந்ததாகக் கொள்ளப்படும். பொதுவாக ஆண் காவலர் தொடவும் கூடாது. 'தொட்டால்தான் கைது' என்று வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தால், நாளை உண்மையான காவலர் வாசலில் நிற்கும்போது சிக்கலாகும்.

சொல்லிக்கொடுக்க வேண்டியது 36-ஆம் பிரிவை. கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தில் ஒருவரோ, அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். குடும்பத்தினர் கையெழுத்துப் போடவில்லையென்றால், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லச் செய்யும் உரிமை உண்டு என்பதைக் காவலரே தெரிவிக்க வேண்டும். மோசடிக்காரன் "யாரிடமும் மூச்சுவிடாதே" என்கிறான். சட்டமோ வீட்டாரைக் கூப்பிடு என்கிறது. இந்த ஒரு வேறுபாடு போதும், ஆளை அடையாளம் காண. காவல்துறை முன் ஆஜராகச் சொல்லும் 35-ஆம் பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. பணம் போனால் உடனே 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். உரையாடலை அழிக்காதீர்கள், செல்பேசியையும் மாற்றாதீர்கள். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கேட்பார்கள்.

என் அக்காவும் இதில் சிக்கினார். தினமும் என்னோடு பேசுபவர், இரண்டு நாள் அழைக்கவில்லை. வழக்கறிஞர் தம்பி இருந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காவிரிக்கரை:
ஆலோசனை கேட்டு நான் எழுதவில்லை. இருந்தாலும் அந்த 36-ஐ நேற்று இரவு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்படியானால் அன்றைக்கு உன்னை உள்ளே வரச் சொல்லியிருக்கலாமா?" என்றார்.