மார்பிளிங் பேப்பர்: தும்மல் போட்ட டிசைன்

மார்பிளிங்னு சொன்னதும் முக்கால்வாசிப் பேர் ஷேவிங் ஃபோமும் ஃபுட் கலரும் எடுத்துட்டு உட்காருவாங்க. வாழ்த்து அட்டைக்கு அது போதும். ஆனா கலரைத் திரவத்து மேல மிதக்கவிட்டுப் பேப்பர்ல ஏத்துற சுகம் அதுல கிடையாது.

கலர் மிதக்கணும்னா தண்ணி கெட்டியா இருக்கணும். அதுக்குக் கடற்பாசியிலிருந்து வர்ற கேரஜீனன் பொடியைத் தண்ணியில போட்டு மிக்ஸில அடிச்சு, நுரை அடங்க ராத்திரி முழுக்க விட்டுடுவேன். பேப்பர்ல படிகாரத் தண்ணி தடவிக் காயவைக்கணும். இல்லேன்னா அலசும்போதே கலர் ஓடிடும்.

அன்னைக்கு அக்கா பொண்ணும் கூட உட்கார்ந்தா. அக்ரிலிக் நீலத்தைத் தெளிச்சு, பேப்பரை ஒரு மூலையிலிருந்து மெல்ல இறக்கினா. பாதியில அடுக்குத் தும்மல்! ஒவ்வொண்ணுக்கும் கை ஒரு ஆட்டம் ஆடுச்சு. “போச்சு சித்தி!”ன்னு முகம் சுருங்கிடுச்சு. எடுத்துப் பார்த்தா, கொசுவம் வெச்ச பட்டு மாதிரி வெளிர்நீலமும் கருநீலமும் மாறி மாறி. தட்டையான பேப்பர்ல மேடுபள்ளம் தெரியுது!

ஸ்பானிஷ் மார்பிளிங்னு ஒரு வகையே இப்படித்தான். பேப்பரை இறக்கும்போதே வேணும்னே முன்னும் பின்னும் அசைப்பாங்க. குடிச்சுட்டு வந்த தொழிலாளியோட கை நடுக்கத்துல பிறந்ததுன்னு சொல்லுவாங்க. கதைதான், ஆனா நம்பத் தோணுது.

அதுக்காக எல்லா விபத்தையும் கொண்டாட முடியாது. காத்துக்குமிழ் மாட்டி விழுற வெள்ளைப் பொட்டு, எனக்கு வெறும் பொட்டுதான். அந்த இடத்தை வெட்டிட்டு புக்மார்க் பண்ணிடுவேன்.

இதுல என்னை அசத்தினது பிஜாப்பூர் ஓவியர்கள். 17-ம் நூற்றாண்டுல எலும்பும் தோலுமான குதிரை, அது மேல ஒரு ஆள்னு படம் போட்டிருக்காங்க. மத்த இடத்தை மறைச்சுட்டு, உருவத்துக்குள்ள மட்டும் மார்பிளிங் விழுற மாதிரி செஞ்சிருக்காங்க. எந்தச் சுழி எங்க விழும்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா எது வரைக்கும் விழலாம்ங்கிறது அவங்க கையில.

அக்கா பொண்ணு அந்தத் தும்மலுக்கப்புறம் வேணும்னே ஆட்டி ஆட்டிப் பார்த்தா. கோடெல்லாம் சீரா வந்துச்சு, அவளுக்குப் பிடிக்கலை. தும்மல் பேப்பர்தான் இப்ப அவ ஸ்கெட்ச்புக் அட்டை.

இன்னொண்ணு: அடுத்த பேப்பருக்கு முன்னாடி மீதிக் கலரைச் செய்தித்தாள் துண்டால வழிச்சு எடுப்போம் இல்லையா, அந்தத் துண்டுகளைக் காயவெச்சுப் பாருங்க. சிலசமயம் நாம பார்த்துப் பார்த்துச் செஞ்சதைவிட அதுதான் நல்லா இருக்கும். பரிசுப் பொருள்ல கட்டுற சீட்டுக்கு நான் அதைத்தான் வெட்டிக்கிறேன்.