ஏர்பிஎன்பி வருமானம்: ஷெட்யூல் ஈ-யா, சி-யா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

டல்லாஸ்காரன்:
ஏர்பிஎன்பி தளம் வழியாக வீட்டைச் சில நாள் வாடகைக்கு விடுகிறோம். அமெரிக்க வரிக்கணக்கில் வாடகை வருமானம் ஷெட்யூல் ஈ படிவத்தில் போகும்; தொழில் வருமானம் ஷெட்யூல் சி-யில், அதற்குச் சுயதொழில் வரியும் உண்டு. வரிக்கணக்குக்குப் போன இடத்தில் நடந்தது இன்னும் மனதில் ஓடுகிறது. கணக்கர் திரையைத் திருப்பி ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "சராசரியாக நாலு ராத்திரிதான் தங்குகிறார்கள். ஏழு நாளுக்குக் கீழே வந்தாலே சுயதொழில் வரி." செலவு போக லாபம் 20,000 டாலர், இதற்கு மட்டும் 2,826 டாலர், வருமான வரி தனி. ஒருவர் காலி செய்ததும் துடைத்து விரிப்பு மாற்றுவோம், அவ்வளவுதான். எந்தச் சட்டம் என்று கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தான் போடுகிறோம்" என்றார். காகிதங்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வேறொருவர் ஈ-யில் போட்டுக் கொடுத்தார்.

போகோனோ அக்கா:
எங்களுக்கு சி-தான், அது சரியும்கூட. தினமும் அறை சுத்தம், காலையில் இட்லி, பொங்கல். அதைச் சேவை என்றுதான் ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) எடுத்துக்கொள்ளும். தம்பி, கணக்கர் மேல் கோபம் நியாயம். ஆனால் இந்த வரியே தண்டம் என்பதுபோல் பேசாதீர்கள். வேலையை விட்ட எனக்கு சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கு வேண்டிய 40 கிரெடிட் சேர்வது இதனால்தான்.

எடிசன்வாசி:
வீட்டில் ஓர் அறை விடுகிறேன், ஈ-யில் போடுகிறேன், பிரச்சினை இல்லை. ஆனால் அந்தக் கணக்கர் இரண்டு விதிகளைக் குழப்பியிருக்கிறார். ஏழு நாள் கணக்கு வரிச் சட்டத்தின் பிரிவு 469-இல் வருவது. வாடகை நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாமா என்பதற்கானது. சுயதொழில் வரிக்குப் பிரிவு 1402. அது பார்ப்பது விருந்தினருக்கு என்ன சேவை செய்கிறீர்கள் என்பதை. ஐஆர்எஸ் சட்டப் பிரிவின் 202151005 எண் குறிப்பைப் படியுங்கள், 2021 டிசம்பரில் வந்தது. கடற்கரை வீடு, தினசரி சுத்தம், விளையாட்டுச் சாமான், ஊபர் மாதிரி கார் சவாரிக் கூப்பன் என்றால் வரி உண்டு. வீட்டில் ஓர் அறை, ஆள் மாறும்போது மட்டும் சுத்தம் என்றால் இல்லை. முன்னுதாரணமாகக் காட்ட முடியாதுதான், ஆனால் அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று தெரியும்.

அப்புறம், 2024-இல் சம்பளமே 1,68,600 டாலரைத் தாண்டியிருந்தால் சுயதொழில் வரியின் 15.3 சதவீதத்தில் சோஷியல் செக்யூரிட்டிக்கான 12.4 விழாது, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பங்கு மட்டும்தான். அக்கா, கட்டிய சுயதொழில் வரியில் பாதியை வருமானத்திலிருந்து கழிக்கலாம், விட்டுவிடாதீர்கள்.

டல்லாஸ்காரன்:
என் சம்பளம் அந்த வரம்புக்குக் கீழேதான். முந்தைய வருடமும் அவரே சி-யில் போட்டார், கட்டிவிட்டோம். திரும்பக் கேட்க முடியுமா?

எடிசன்வாசி:
முடியும். 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போடுங்கள். பொதுவாகத் தாக்கல் செய்து மூன்று வருடத்துக்குள் கேட்க வேண்டும்.