சேலம் சூனிய வழக்குகளை ஒன்பதாம் வகுப்புக்கு நடத்தும்போது பூஞ்சையின் மீது பழிபோடலாமா?

கரிசல்வாசி:
‘அறிவொளி ஆசிரியர்’ என்ற பெயரில் இங்கே எழுதுபவர், 1692இன் சேலம் சூனிய வழக்குகளைத் (மாம்பழச் சேலம் அல்ல, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ளது) தம் மாணவர்களுக்கு ஒரே பாடவேளையில் நடத்தி முடித்ததாக நேற்றுப் பெருமையோடு பதிவிட்டிருந்தார். ரை தானியத்தில் படர்ந்த எர்காட் பூஞ்சை ரொட்டி வழியாக, ஊராரைச் சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டிய சிறுமிகளின் உடலுக்குள் போனதாம். அதனால் வந்த வலிப்பையும் பிரமையையும் ஊர் சூனியம் என்று நம்பிவிட்டதாம். அறிவியல் வளர்ந்ததும் எல்லாம் தெளிந்துவிட்டதாம். பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் சொல்வதற்கு இதைவிட வசதியான கதை கிடையாது. 19 பேரைத் தூக்கிலிட்டது பூஞ்சையா? நீதிமன்றத்தில் வாய்திறக்க மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற முதியவரின் உடல்மீது கற்களை அடுக்கிக் கொன்றது பூஞ்சையா?

அறிவொளி ஆசிரியர்:
பூஞ்சை தூக்குக் கயிறு திரித்தது என்று நான் எங்கும் எழுதவில்லை. நான் சொன்னது வாட்ஸ்அப்பில் வந்த செய்தியும் அல்ல. லிண்டா கபோரேல் என்ற ஆய்வாளர் 1976இல் ‘சயின்ஸ்’ இதழில் முன்வைத்த கருத்து அது. சேறும் ஈரமுமான நிலத்தில் விளைந்த ரை, அதற்கேற்ற தட்பவெப்பம், உடல் முறுக்கிக்கொள்ளும் அறிகுறிகள் என்று அவர் ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டியிருக்கிறார். சிறுமிகள் நடித்தார்கள் என்று சொன்னால் என் வகுப்பு சிரித்துவிட்டு மறந்துவிடும். நோய்க்கு ஒரு காரணம் உண்டு என்றதும் கடைசி பெஞ்ச் வரை குறிப்பெடுத்தார்கள். வகுப்பறைக்குள் நின்று பார்த்தவருக்குத்தான் அந்த வேறுபாடு தெரியும்.

கரிசல்வாசி:
அதே 1976இல், அதே ‘சயின்ஸ்’ இதழில், ஸ்பானோஸ், காட்லீப் என்ற ஆய்வாளர்கள் அந்தக் கருத்தை மறுத்து எழுதியதை மட்டும் உங்கள் குறிப்பேடு ஏன் விழுங்கிவிட்டது? நஞ்சு கலந்த ரொட்டி என்றால் அதைத் தின்ற வீடே படுத்திருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் பார்த்தால் சிறுமிகள் விழுந்தார்கள். அவர் கை பட்டால் எழுந்தார்கள். அருகிலிருந்த ஆண்டோவர் ஊரில் குற்றம் சாட்டப்பட்டவரின் கண்ணைக் கட்டி, அவர் கையை எடுத்துச் சிறுமிகள்மேல் வைத்து, வலிப்பு நின்றதும் ‘இவள்தான் சூனியக்காரி’ என்று முடிவுகட்டினார்கள். வயிற்றில் இருக்கும் நஞ்சு, யார் கை தன்மீது படுகிறது என்று பார்த்துத் தணியுமா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் வகுப்பறைப் பெருமையைப் பேசுங்கள்.

வயல்வெளி:
இருவருக்கும் வணக்கம். பூஞ்சை என்றாலே ஏளனமாகப் பேசுவது கரிசல்வாசி ஐயாவின் வழக்கமாகிவிட்டது. கம்பில் தேன் ஒழுகல் நோயைக் கண்டவன் நான். கதிரிலிருந்து பிசுபிசுவென்று தேன் போல வடியும். பிறகு மணி இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த கட்டி நிற்கும். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ உப்பு என்று கரைத்து விதையைக் கொட்டினால் அந்தக் கட்டிகள் மிதந்து வரும். அவற்றை அள்ளி எறிந்துவிட்டுத்தான் விதைப்போம். இதுவும் எர்காட் இனம்தான். ஆகவே ஆசிரியர் சொல்வதில் சத்து இருக்கிறது.

கரிசல்வாசி:
கம்பு வேறு, ரை வேறு. இரண்டிலும் வரும் பூஞ்சையும் ஒன்றல்ல. உப்புக் கரைசலுக்கு நன்றி. கை பட்டதும் நோய் தணிந்தது எப்படி என்பதற்கு இதில் விடை இல்லை.

வயல்வெளி:
கம்பும் ரையும் வேறு என்பது எனக்குத் தெரியாது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? சென்ற மாதம் விதைநெல் பற்றிய விவாதத்தில் பதில் சொல்ல முடியாமல் நழுவியவர் தாங்கள்தான் என்பதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை.

தாழம்பூ:
பூஞ்சையை விட்டு வெளியே வாருங்கள். அதே சேலம் வழக்குகளில் எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணுக்கு 1693இல் மரண தண்டனை விதித்தார்கள். நிறைவேற்றவில்லை, ஆனால் பின்னாளில் மற்றவர்களின் பழியைத் துடைத்தபோது அவர் பெயரை விட்டுவிட்டார்கள். நார்த் ஆண்டோவரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியையோடு சேர்ந்து ஆவணங்களைப் படித்து, சட்டமன்றத்துக்கு எழுதி, 2022இல் அந்தப் பெயரையும் மீட்டார்கள். பதின்வயதினருக்கு இப்படியல்லவா நடத்த வேண்டும்? நம் நாட்டிலேயே சூனியக்காரி என்று தாக்கப்பட்ட சுட்னி மகதோவுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சூனியக்காரி என்று பழிசுமத்துவதைத் தடுக்க ஜார்க்கண்டில் 2001இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அந்த ஊர்களிலும் ரை ரொட்டியா தின்றார்கள்?

கரிசல்வாசி:
தாழம்பூ அம்மா என் வேலையை எளிதாக்கிவிட்டார். அந்தப் பிள்ளைகள் பூஞ்சையை விடுவிக்கக் கோரி மனுப் போடவில்லை. ரெபெக்கா நர்ஸ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதைக் கடந்த அந்த அம்மையாரை நடுவர்கள் (ஜூரிகள்) முதலில் குற்றமற்றவர் என்றார்கள். சிறுமிகள் கூச்சலிட்டதும் நீதிபதி அந்த நடுவர்களைத் திரும்பவும் யோசிக்கச் சொன்னார். அவர்கள் தீர்ப்பை மாற்றினார்கள். ஜூலை 19 அன்று தூக்கு. தன் ஆவியுருவத்தை அனுப்பி என்னை வதைத்தாள் என்று ஒருவர் சொன்னதையே சாட்சியமாக ஏற்ற நீதிமன்றம் அது. குற்றம் சாட்டியவர்களில் முன்னின்ற புட்னம் குடும்பத்தின் நிலத்தகராறுகள், ஊர்ப் போதகர் பாரிஸின் சம்பளச் சண்டை, எல்லைப் போரில் பெற்றோரை இழந்து வேலைக்காரியாக வந்து குற்றம் சாட்டியவர்களில் ஒருத்தியான மெர்சி லூயிஸ் என்று மனிதர்கள் வரிசையாக நிற்கும்போது, அத்தனை பேரையும் தள்ளிவிட்டு நீங்கள் ஒரு ரொட்டித் துண்டைக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

அறிவொளி ஆசிரியர்:
நார்த் ஆண்டோவரில் பிள்ளைகளுக்கு ஆவணக் காப்பகம் உண்டு. எனக்கு இருப்பது நாற்பது நிமிடமும் அடுத்த வாரத் தேர்வும். நிலத்தகராறு என்றால் வலிப்பு எப்படி வந்தது என்று மாணவன் கேட்பான். அதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? திங்கட்கிழமை அடுத்த பிரிவுக்கும் இதே பாடத்தைத்தான் நடத்தப் போகிறேன்.

கரிசல்வாசி:
தாராளமாக நடத்துங்கள். கை பட்டதும் தணிந்த நஞ்சைப் பற்றி ஒரு வரி அந்தப் பிரிவிலாவது சொல்வீர்களா?

தாழம்பூ:
ஜார்க்கண்டைப் பற்றி இருவரும் ஒரு சொல்கூட எழுதவில்லை.

வயல்வெளி:
கம்பைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்ததற்குக் கரிசல்வாசி ஐயா இன்னும் வருத்தம் தெரிவிக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.