நீல டிக் விழுந்தது, நான் பார்க்கவில்லை

கிருஷ்ணகிரி, மாங்கூழ் ஆலைக் கணக்கர்

சீசன் சூடு பிடித்தால் எங்கள் ஆலையில் ஆளுக்கு நாலு கை வேண்டும். காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி பக்கமிருந்து பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டும். எடைமேடைப் பையன் ஒவ்வொரு சீட்டையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவான். நான் என் வாட்ஸ்அப்பை 'வாட்ஸ்அப் வெப்' வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே எக்செல்லில் ஏற்றுவேன். போனைக் குனிந்து பார்த்துப் பார்த்து அடித்திருந்தால் கழுத்து போயிருக்கும்.

2015இல் இந்த வசதி வந்த புதிதில், போனில் சார்ஜ் இறங்கினால் கம்ப்யூட்டரிலும் நின்றுவிடும். 2021இல் அது மாறத் தொடங்கியது. இப்போது போன் அணைந்திருந்தாலும் தனியாக ஓடும், நாலு கருவி வரை இணைக்கலாம். இதன் அருமை போன சீசனில்தான் புரிந்தது. மாங்காய் கழுவும் தொட்டியில் எட்டிப் பார்த்தேன், சட்டைப் பையிலிருந்த போன் தண்ணீருக்குள். ரிப்பேருக்குக் கொடுத்து ஒன்பது நாள். அத்தனை நாளும் ஒரு சீட்டு தவறவில்லை. (பதினான்கு நாள் போனில் வாட்ஸ்அப்பைத் திறக்காவிட்டால் இணைப்பு தானாக அறுந்துவிடும். நல்லவேளை, அதற்குள் வந்துவிட்டது.)

அதே வசதிதான் அப்புறம் காலை வாரியது. சீசன் முடிந்ததும் என்னை மாடிக்கு மாற்றினார்கள். கீழே என் நாற்காலியில் புதுப் பையன். கம்ப்யூட்டரை விட்டுவிட்டு வந்த நான் வாட்ஸ்அப்பையும் அதிலேயே விட்டுவிட்டேன். போன்தான் பையில் இருக்கிறதே என்ற நினைப்பு.

அடுத்த வாரமெல்லாம் வீட்டில் சண்டை. "நீல டிக் விழுந்துடுச்சு, பாத்துட்டு ஒரு பதில் போட மாட்டீங்களா?" பார்க்கவே இல்லை என்று சத்தியம் பண்ணியும் எடுபடவில்லை. கீழே திறந்து படித்துவிட்டதால், புதுச் செய்தி வந்த அடையாளமே என் போனில் இருக்காது. பல செய்திகள் என் கண்ணில் படவே இல்லை.

ஒருநாள் மத்தியானம் அந்தப் பையன் மூச்சு வாங்க மாடியேறி வந்தான். "அண்ணா, அண்ணிக்கு சுகர் மாத்திரை தீந்துபோச்சாம். வரும்போது வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"கம்ப்யூட்டர்ல வந்துச்சுங்ணா."

நல்ல பையன், ஒளிக்கத் தெரியவில்லை. என் வயிற்றைக் கலக்கியது மாத்திரை இல்லை. சம்பளத்தைப் பற்றியும் மேனேஜரைப் பற்றியும் மச்சானுக்கு எழுதியதெல்லாம் அதே திரையில்தானே கிடந்தது? அவனிடம் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது. நின்ற இடத்திலேயே போனில் 'லிங்க்டு டிவைசஸ்' திறந்து லாக் அவுட் கொடுத்தேன். கீழே இறங்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

தருமபுரி, புளி மண்டி

எனக்கு ஆள் மாறிப் போனதுதான் கதை. கொட்டை எடுத்த புளியை நாங்கள் என்ன விலைக்கு எடுத்தோம் என்ற கணக்கு, முதலாளிக்குப் போக வேண்டியது. கம்ப்யூட்டரின் பெரிய திரையில் ஏழெட்டுப் பேர் பெயர் வரிசையாக நிற்க, அவசரத்தில் அதை வாங்குகிற பார்ட்டிக்கே அனுப்பிவிட்டேன். பதறிப்போய் அழித்தேன், அதிலும் 'எனக்கு மட்டும்' என்பதை அமுக்கிவிட்டேன். என் பக்கம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம், அவர் பக்கம் அப்படியே இருக்கிறது. உடனே கவனித்திருந்தால் சில நொடி வரை 'அன்டூ' இருக்கும், நான் கவனிக்கவில்லை. அந்த லோடில் கிலோவுக்கு மூன்று ரூபாய் இறங்கித்தான் கொடுத்தோம்.

பாலக்கோடு, பிரவுசிங் சென்டர்

மேலே இருக்கும் கிருஷ்ணகிரிக்காரர் தன் ஆபீஸில்தான் வாட்ஸ்அப்பைத் திறந்து விட்டுவிட்டு வந்திருக்கிறார். என் கடையில் ஊரே விட்டுவிட்டுப் போகிறது. சிட்டா, ஆதார், ரயில் டிக்கெட், எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் இருக்கும். கடைக் கம்ப்யூட்டர் திரையில் வரும் க்யூஆர் கோடைப் போனில் ஸ்கேன் பண்ணி வாட்ஸ்அப்பைத் திறந்து, பிரிண்ட் எடுத்து, காசைக் கொடுத்துவிட்டு நடந்துவிடுவார்கள். ராத்திரி கடை சாத்தும்போது பார்த்தால் யாரோ ஒரு அக்காவின் குடும்பக் குரூப்பில் வளைகாப்புக்குத் தேதி முடிவாகிக்கொண்டிருக்கும்.

இப்போதெல்லாம் ஸ்கேன் பண்ணவே விடுவதில்லை. கடை நம்பருக்கு அனுப்புங்கள், அதுவும் டாக்குமெண்டாக அனுப்புங்கள் என்கிறேன். சும்மா போட்டோவாக அனுப்பினால் சுருங்கி வரும், சர்வே நம்பர் கலங்கிப்போகும். பிரிண்ட் எடுத்ததும் ஆள் முன்னாலேயே அழித்துவிடுகிறேன். கேட்காமல் ஸ்கேன் பண்ணுகிறவர்களுக்காக, 'பிரிண்ட் எடுத்ததும் லாக் அவுட் செய்யவும்' என்று சுவரில் ஒரு தாள் ஒட்டினேன். போன வாரம் மாரண்டஹள்ளியிலிருந்து வந்த ஒருவர் அந்தத் தாளைப் படம் எடுத்து என் நம்பருக்கே அனுப்பினார்.

"இதையும் ஒரு காப்பி போடுங்க தம்பி. எங்க கடையிலயும் ஒட்டணும்."