தொட்டியில் நாலரை டிகிரி

கார்த்தி, காலை 6:12: கடல் மீன் தொட்டியில் இரண்டு செத்துக் கிடக்கின்றன. புளூ டாங், மஞ்சள் டாங். நேற்று ராத்திரிகூட நன்றாகச் சாப்பிட்டன.

அம்மா: ஐயோ. க்ளவுன் மீன் ஜோடி?

கார்த்தி: உயிரோடு இருக்கின்றன. ஆனால் மேலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, செவுள் படபடவென்று அடிக்கிறது. மஷ்ரூம் பவளம் நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

மீனா அத்தை: போன வாரம் போட்டோ போட்டாயே. எத்தனை பேர் கண்ணோ.

திவ்யா: முதல் ஹார்ட் போட்டது நீங்கள்தான் அத்தை 😄 அண்ணா, அமோனியா பார்த்தாயா?

கார்த்தி: பூஜ்யம். நைட்ரைட்டும் பூஜ்யம். தொட்டி வைத்து ஐந்து மாதம், மீன் கழிவிலிருந்து வரும் அந்த விஷங்களை மாற்றும் பாக்டீரியா எப்போதோ பிடித்துவிட்டது. உடம்பில் வெள்ளைப் புள்ளி நோயும் இல்லை.

திவ்யா: ராத்திரி கரண்ட் போனதா?

கார்த்தி: 2 மணிக்குப் போய் 5 மணிக்கு வந்தது. இன்வெர்ட்டரில் ஃபேனும் வைஃபையும்தான் இருக்கின்றன. பம்பு இல்லை.

திவ்யா: அப்போ மூச்சு முட்டியிருக்கும். அசையாத தண்ணீரில் காற்று சரியாகக் கரையாது. விளக்கு அணைந்துவிட்டால் பாசியும் பவளமும்கூட ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், விடியும் நேரத்தில்தான் ரொம்பக் குறையும். பெரிய மீன்தான் முதலில் போகும்.

பெரிய மாமா: பரங்கிப்பேட்டையில் படித்த கடல் உயிரியல் பேசுகிறது! மருமகனே, உப்பு எவ்வளவு நிற்கிறது?

கார்த்தி: அடர்த்தி 1.025 மாமா, நல்ல தண்ணீர் என்றால் 1. போன மாதம் பார்த்தது.

பெரிய மாமா: இப்போது பார்.

கார்த்தி, 6:41: 1.032 காட்டுகிறது!! மீட்டர் கெட்டுவிட்டதோ என்று ஆர்.ஓ. தண்ணீரை விட்டுப் பார்த்தேன், அதற்குச் சரியாகத்தான் காட்டுகிறது.

பெரிய மாமா: எங்கள் உப்பளத்தில் உப்பின் செறிவை டிகிரியில் சொல்வோம், சூடு இல்லை. அந்தக் கணக்கில் கடல் தண்ணீர் மூன்றரை டிகிரி. உன் தொட்டி நாலரை. தண்ணீர் குறைந்தால் எதை ஊற்றுகிறாய்?

கார்த்தி: டிரம்மில் கலந்து வைத்த உப்புத் தண்ணீர்தான். குறைந்ததை நிரப்பு என்றார் கடைக்காரர். வெயில் ஏறிய மூன்று வாரமாகத் தினம் 2 லிட்டர்.

பெரிய மாமா: சரிதான், வீட்டுக்குள்ளேயே உப்பளம் போட்டிருக்கிறாய். சின்ன வயதில் என்னோடு பாத்திக்கு வந்தாயே, என்ன பார்த்தாய்? வெயில் தண்ணீரை மட்டும்தான் கொண்டுபோகும். உப்பு அங்கேயே கிடக்கும். மேலே மேலே கடல் தண்ணீரை விட்டால் டிகிரி ஏறிக்கொண்டே போகும். 25 வந்தால் உப்பு வாரலாம்.

திவ்யா: லிட்டருக்கு 35 கிராம், தினம் 2 லிட்டர், 21 நாள். உன் 200 லிட்டர் தொட்டியில் கூடுதலாக ஒன்றரைக் கிலோ உப்பு அண்ணா! கடல் மீன் உப்புத் தண்ணீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளும். அந்த வேலையிலேயே களைத்துப் போயிருக்கும், அதன்மேல் மூன்று மணி நேரம் காற்றில்லை.

கார்த்தி: இப்போதே 50 லிட்டர் நல்ல தண்ணீர் மாற்றிவிடவா?

திவ்யா: வேண்டவே வேண்டாம். சட்டென்று இறக்கினால் பவளமும் நத்தையும் தாங்காது. தினம் 6 லிட்டர் எடுத்துவிட்டு அதே அளவு ஆர்.ஓ. விடு. நாளைக்கு 1.031, அடுத்த நாள் 1.030. ஒரு வாரம் ஆகட்டும். அப்புறம் வற்றுகிற தண்ணீருக்கு உப்பில்லாத ஆர்.ஓ. மட்டும்தான். பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்று இன்றைக்கே வாங்கு.

கார்த்தி, 9:20: வாங்கிப் போட்டுவிட்டேன். க்ளவுன் இரண்டும் கீழே இறங்கிவிட்டன. செத்ததைப் பால்கனித் தொட்டியில் புதைக்கப் போகிறேன்.

அம்மா: என் கறிவேப்பிலைத் தொட்டியில் வேண்டாம். அதற்கும் உப்பு ஆகாது.